குளிப்பாட்டிய எஞ்சின்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துவிடு. சில எழுத்துகள் வரிக்கு மேலே ஏறி நிற்கின்றன, சில கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டன. ஒரே அளவில் எழுதுங்கள் என்று சாயங்கால வகுப்பு டீச்சர் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார், கை கேட்க மாட்டேன் என்கிறது. சுழி போட்டு வளைக்க வேண்டிய எழுத்து வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகுதான் அதைத் தொடுகிறேன். நீ எதையும் வேகமாகப் படிக்கிறவன். இதை மட்டும் நான் எழுதிய வேகத்தில் படித்தால் நல்லது.

நானும் அம்மாவும் சுகம். நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். இந்த இரண்டு வரிக்கே அரை மணி நேரம் போய்விட்டது. "இதையெல்லாம் ஃபோன்ல ஒரு நிமிஷத்துல சொல்லிடலாமே" என்று அம்மா கேட்டாள். சொல்லலாம்தான். ஆனால் எழுதத் தெரிந்தவன் எதற்கு ஃபோனில் சொல்ல வேண்டும்? அதனால் நீ கூப்பிட்டால் எதையும் சொல்லிவிடாதே என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். "அப்பா எழுதுவார்" என்று மட்டும் அவள் சொல்லிச் சொல்லி ஃபோனை வைத்தது அதனால்தான். நீ அதைக் கேட்டு எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனதாக மருமகள் சொன்னாளாம். எனக்கு ஒன்றும் இல்லை. நன்றாகப் பசிக்கிறது, நன்றாகத் தூங்குகிறேன்.

இனி விஷயம்.

வண்டி ஓடுகிறது. லாரி வேண்டாம்.

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டி ஓடவில்லை என்றால் லாரி எடுத்துக்கொண்டு வந்து, சாமான்களை ஏற்றி, எங்கள் இருவரையும் உன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று நீ சொன்னாய். கடைசி பஸ் நிற்கிற இடத்திலிருந்து இவ்வளவு தள்ளி இருக்கும் வீட்டில், வண்டியும் இல்லாமல், இந்த வயதில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாய். கேட்டதில் தப்பில்லை. பிள்ளை என்றால் கேட்கத்தான் வேண்டும். உன் வீடும் நல்ல வீடுதான், ஏழாவது மாடியில் காற்று ஆளையே தூக்குகிறது. ஆனால் அங்கே அம்மாவின் தையல் மெஷினுக்கு இடம் இல்லை. அவள் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிற வீடுகளெல்லாம் இங்கேதான் இருக்கின்றன. என் சாயங்கால வகுப்பும் இங்கேதான் இருக்கிறது. திரைச்சீலைகளையும் என்னையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போய், ஆளுக்கு ஓர் இடத்தில் இறக்குவது இந்த வண்டிதான். வண்டி நின்றால் அவள் தொழில் நின்றது, என் படிப்பும் நின்றது. பாதி கற்ற எழுத்துகளோடு உன் பால்கனியில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்வேன்? இதை உன்னிடம் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதினால் வருகிறது.

வண்டி எப்படி நின்றது என்று அம்மா உனக்குச் சொன்ன கதையில் நான்தான் குற்றவாளி. என் கதையையும் கேள். அம்மா ஓட்டிக்கொண்டிருந்தாள். பின் சீட்டில் யாரோ ஒருவர் வீட்டு நீலத் திரைச்சீலை கூரை வரைக்கும் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தேன். எழுத்துக் கூட்டப் பழகிய நாளிலிருந்து தெருவில் போனால் என்னால் வாயை மூடிக்கொண்டு வர முடிவதில்லை. இத்தனை வருஷமாக அந்தப் பலகைகள் எல்லாம் எனக்குத் தெரியாமல் ஊரோடு பேசிக்கொண்டிருந்திருக்கின்றன, யோசித்துப் பார். 'இங்கு பல் பிடுங்கப்படும்.' 'சுவரில் எழுதாதே.' அதையே சுவரில்தான் எழுதியிருக்கிறார்கள். மேட்டில் ஏறும்போது அம்மா மூக்கைச் சுருக்கினாள்.

"என்னங்க, ஏதோ வாசனை வருது."

"அடுத்தது ரொட்டிக் கடைதானே" என்றேன், பலகையைப் பார்த்துவிட்டு.

"கருகின வாசனைங்க."

"ரொட்டியைக் கருக விட்டிருப்பான்."

அதற்குள் முன்னாலிருந்து வெள்ளையாகக் கிளம்பி, கண்ணாடியை மூடி, எனக்கு அடுத்த பலகையே தெரியவில்லை. "என்னம்மா இது, பனி இறங்குது?" என்று கேட்டேன். "மத்தியான வெயில்ல பனியா? கீழ இறங்குங்க!" என்று அம்மா கத்தினாள். ரேடியேட்டர் குழாய் வெடித்து, இருந்த தண்ணீர் எல்லாம் ரோட்டில் போய், எஞ்சின் காய்ந்த அடுப்பாகி, நடு மேட்டில் நின்றுவிட்டது. திரைச்சீலைகளை நான் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். அந்த வீட்டம்மா, "வண்டில கொண்டு வருவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். நானும்தான் நினைத்தேன்.

நம் தெருமுனையில் இருக்கிற மெக்கானிக்கை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு வந்தவர். எதைக் கேட்டாலும் "ஆச்சு, ஆச்சு" என்பார், அதனால் ஊருக்கே அவர் பெயர் ஆச்சு. ஆரம்பிக்காத வேலையும் அவருக்கு ஆச்சுதான். அவர் வந்து, மூடியைத் திறந்து, ஏதோ ஒன்றைக் கையால் சுற்றிப் பார்த்தார். அது சுற்றவில்லை. "உள்ள உருகி ஒட்டிக்கிச்சும்மா. வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது, ஆனா ஆள் காலி" என்றார். கம்பெனியில் புது எஞ்சின் கேட்டால், அந்த விலைக்கு இதே மாதிரி இரண்டு வண்டி வாங்கலாமாம். பிரித்துச் சரிபண்ணலாம், ஆனால் அவர் பொறுப்பு ஏற்க மாட்டாராம். எதிர்வீட்டு மேனேஜர் சார், அவர் பாங்கிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வீட்டைத்தான் நிர்வாகம் பண்ணிக்கொண்டிருக்கிறார், கேட்டுக்கு மேலே தலையை நீட்டி, "இந்த வண்டிக்குப் போய் எஞ்சின் மாத்தறதா? கெழவனுக்குப் புதுப் பல்லு கட்டற மாதிரி இருக்கு சார்" என்றார். சொல்லிவிட்டு என் வாயைப் பார்த்தார். பிறகு செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

சிக்கனமாக எஞ்சின் மாற்றுகிற திட்டத்தைப் போட்டது அம்மாதான். அவள் திரைச்சீலைக்குத் துணி எடுக்கிற மாதிரியே யோசித்தாள். துண்டாக வாங்கினால் விலை, முழுச் சுருளாக எடுத்தால் மலிவு, மிச்சத்தைத் தலையணை உறையாகத் தைத்து விற்றுவிடலாம். அப்படியே, எஞ்சினை மட்டும் வாங்காமல் அடிபட்ட ஒரு வண்டியை முழுசாக வாங்கிவிடுவது, எஞ்சினை எடுத்துக்கொண்டு கதவு, கண்ணாடி, விளக்கு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விற்றுவிடுவது. "கடைசில எஞ்சின் சும்மா வந்த மாதிரி ஆயிடும்ங்க" என்றாள். எனக்கு அவள் கணக்கில் எப்போதும் நம்பிக்கை உண்டு. ஆனால் திரைச்சீலையின் மிச்சத்தை அலமாரியில் வைக்கலாம், வண்டியின் மிச்சத்தை எங்கே வைப்பது என்று அப்போது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

பழைய இரும்புக் கடைக்குப் போனோம். கடைக்காரர் மேஜைக்குப் பதிலாக நாலு டயரை அடுக்கி, அதன்மேல் கண்ணாடியைப் போட்டு, காபி குடித்துக்கொண்டிருந்தார். நம் வண்டியைப் போலவே ஒன்று மூலையில் நின்றது. அதே சைஸ், அதே சாம்பல் நிறம். பின்பாதியை யாரோ உள்ளங்கையால் கசக்கிப் போட்ட மாதிரி இருந்தது.

"எஞ்சின் மட்டும்னா கழட்டற கூலி சேருமே பெரியவரே" என்றார்.

"கழட்டாதீங்க. அப்படியே முழுசா எடுத்துக்கறோம்" என்றாள் அம்மா.

"முழுசாவா? பின் சீட்டே இல்லையேம்மா."

"பின் சீட்டு எங்கிட்ட இருக்கு. எஞ்சின்தான் இல்ல."

"நல்ல ஜோடிதான் போங்க" என்று அவர் எங்களைச் சொன்னாரா, வண்டிகளைச் சொன்னாரா தெரியவில்லை. அம்மா விடவில்லை. எஞ்சினை ஓட விட்டுக் காட்டினால்தான் பணம் என்று நின்றாள். அவர் ஒரு பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, குழாயைச் சொருகி, சாவியைத் திருப்பினார். இரண்டு தடவை இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பெரிய பெரிய மெஷின்களுக்கு நடுவிலேயே இத்தனை காலம் நின்றவன் நான். ஒரு மெஷின் மனசோடு ஓடுகிறதா, முனகிக்கொண்டு ஓடுகிறதா என்று என் காதுக்குத் தெரியும். இது மனசோடு ஓடியது. அம்மாவிடம் தலையை ஆட்டினேன். கடைக்காரர் வேனின் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். கசங்கிய வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அம்மா ஊர்வலமாக வந்தாள். மேனேஜர் சார் வாசலில் வந்து நின்று, "ஒண்ணு ஓடலைன்னு ரெண்டாவதும் வாங்கிட்டீங்களா சார்?" என்று விசாரித்தார்.

ஆச்சு முதலில் கசங்கிய வண்டியைப் பின்கட்டு ஷெட்டுக்குள் தள்ளி, மேலே இரும்பு உத்திரத்தில் சங்கிலி மாட்டி, நல்ல எஞ்சினைத் தூக்கி ஒரு பழைய டயரின் மேல் உட்கார வைத்தார். பிறகு அந்தக் கூட்டைத் தெருவில், மேனேஜர் சார் வீட்டுச் சுவர் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினோம். நம் வண்டியை உள்ளே தள்ளி, செத்த எஞ்சினைத் தூக்கி இன்னொரு டயரின் மேல் வைத்தார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன, ஒரே அழுக்கில், ஒரே கறுப்பில். "கிளட்ச் தட்டு தேஞ்சிருக்கு, புதுசு வாங்கிட்டு வந்து மாட்டிடறேன். ஆச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் மறுநாளும் வரவில்லை.

இங்கேதான் நான் வருகிறேன். பொறுமையாகப் படி.

எங்கள் சலவைக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கிழிந்துபோன போர்வை, ஓட்டை விழுந்த துண்டு, இவற்றையெல்லாம் கழித்துவிடுவார்கள். ஆனால் கழிக்கிற துணியையும் ஒரு தடவை துவைத்து, உலர்த்தி, மடித்துத்தான் கழிப்போம். அழுக்காக எதையும் வெளியே அனுப்ப மாட்டோம். அந்தச் செத்த எஞ்சின் மறுநாளோ அதற்கு மறுநாளோ இரும்புக்குப் போகப்போகிறது. எத்தனை திரைச்சீலையைச் சுமந்தது, மழைக்காலத்தில் பேத்தி பிறந்தபோது எங்களை உன் ஊர் வரைக்கும் கொண்டுவந்தது. அதை அந்தக் கோலத்தில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தேன். சோப்புத்தூள் போட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷால் இடுக்கு இடுக்காகத் தேய்த்தேன். வெந்நீர் ஊற்றி அலசினேன். அம்மா வெட்டிப்போட்ட துணியால் துடைத்தேன். சாயங்காலம் பார்த்தால் வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னுகிறது. உன் கல்யாணத்துக்கு உன்னைக்கூட நாங்கள் அவ்வளவு சுத்தமாக அனுப்பவில்லை. திருப்தியாக ஒரு தடவை தட்டிக்கொடுத்துவிட்டு, உடம்பைத் தேய்த்துக் குளித்துவிட்டு, மேனேஜர் சார் காரில் தொற்றிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

நான் அந்தப் பக்கம் போனதும் ஆச்சு இந்தப் பக்கம் வந்திருக்கிறார், துணைக்குத் தன் மச்சானோடு. அம்மா உள்ளே மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். "எதும்மா மாட்டணும்?" என்று ஷெட்டிலிருந்து கேட்டிருக்கிறார். "நல்லதை மாட்டுப்பா!" என்று அவள் இங்கிருந்தே பதில் சொல்லியிருக்கிறாள். அங்கே ஒன்று மின்னுகிறது, ஒன்று அழுக்காக இருக்கிறது. நீயாக இருந்தால் எதை மாட்டுவாய்?

நான் திரும்பி வரும்போது எஞ்சின் வண்டிக்குள் இருந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இந்தப் பக்கம் டயரின் மேல் பார்த்தால் ஒரு எஞ்சின் அழுக்காக உட்கார்ந்திருக்கிறது. அடப்பாவமே, காலையில் அவ்வளவு தேய்த்தேனே, மெக்கானிக் கை பட்டாலே இப்படித்தான், ஒரு பொழுதில் பாழாக்கிவிட்டார்களே என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை, வேலை செய்கிறவர்களிடம் குறை சொல்லக்கூடாது. வாளியை எடுத்துவந்து அதையும் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் மிச்சத்தையும் மாட்டிவிட்டு ஆச்சு சாவியைத் திருப்பினார். 'டக்' என்றது. அவ்வளவுதான். மறுபடி திருப்பினார். மறுபடி 'டக்.' "பேட்டரி வீக்கும்மா, ஆச்சு" என்றார். மேனேஜர் சாரின் புது வண்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றி வந்தோம். அவர் பின்னாலேயே வந்து, குழந்தையை ஆஸ்பத்திரியில் விட்டவர் மாதிரி நின்றார். 'டக்.' சரி, ஸ்டார்ட்டர் போயிருக்கும் என்று அதைக் கழற்றி, துடைத்து, மாட்டினார்கள். 'டக்.' தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்று தெருவில் இறக்கினோம். தெருவே கூடிவிட்டது. கறிகாய்க்காரர், தபால்காரர், மேனேஜர் சார், ஆச்சுவின் மச்சான், நான், எல்லோரும் மூச்சுப் பிடித்துத் தள்ளுகிறோம், அம்மா கியரைப் போடுகிறாள், சக்கரங்கள் சுற்றாமல் ரோட்டைத் தேய்த்துக்கொண்டு நிற்கின்றன.

"பிரேக்ல காலை வெச்சிருக்கீங்களா மேடம்?" என்று மேனேஜர் சார் கேட்டார்.

"உங்க தலைல வெக்கல, அதோட விடுங்க" என்றாள் அம்மா. அவள் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. வெயில் வேறு.

கியர் பாக்ஸ் மேல் ஒரு பழி விழுந்தது, வயரிங் மேல் ஒரு பழி விழுந்தது, இரும்புக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அவர் மேலும் ஒரு பழி விழுந்தது. இருட்டுகிற நேரத்தில் ஆச்சு கையைத் துடைத்துக்கொண்டு, "ஆகலைம்மா" என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை அன்றுதான் கேட்டேன். எல்லோரும் சேர்ந்து வண்டியை மறுபடி ஷெட்டுக்குள் தள்ளிவிட்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் போனார்கள்.

உன் ஞாயிற்றுக்கிழமைக்கு அதிக நாள் இல்லை. அம்மா சாப்பிட்ட பிறகு, தைத்துக்கொண்டிருந்த திரையை அப்படியே மடித்தாள். மெஷினின் பெல்ட்டைக் கழற்றினாள். பெரிய கத்திரிக்கோலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். "அங்க எல்லாம் ரெடிமேட் திரைதான் போடுவாங்க இல்லைங்க?" என்று மட்டும் கேட்டாள். என் பாடப் புத்தகத்தை எடுத்து அவள் பெட்டியின் மேலேயே வைத்தேன், அது தனியாகப் போக வேண்டாம் என்று.

காலையில் எழுந்ததும் அம்மா வழக்கம்போல ஷெட்டுக்குப் போனாள். ஓடுகிறதோ ஓடவில்லையோ, காலையில் எஞ்சின் ஆயிலைப் பார்ப்பது அவள் பழக்கம், பல் தேய்க்கிற மாதிரி. சமையல் வேலையில் இருந்த நான் அவள் கூப்பிட்ட குரலைக் கேட்டுக் கரண்டியோடு ஓடினேன். ஆயில் பார்க்கிற நீளக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதன் காதில் ஒரு சிவப்புத் துணி முடிச்சு.

"இது நான் கட்டினது" என்றாள்.

"எது?"

"இந்த முடிச்சுங்க. கம்பி சட்டுனு கண்ணுக்குத் தெரியணும்னு போன வருஷம் நான் கட்டினது. அந்தப் பல் டாக்டர் வீட்டுத் திரைத் துணி. இது நம்ம பழைய எஞ்சின்."

"எப்படி இருக்க முடியும்? அதைத்தான் நான் சுத்தமா..." என்று ஆரம்பித்து, அங்கேயே நிறுத்திக்கொண்டேன். டயரின் மேல் இருந்ததைத் திரும்பிப் பார்த்தேன். நான் இரண்டாவதாகக் குளிப்பாட்டியது. அதுவும் இப்போது மின்னிக்கொண்டிருந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள், எஞ்சினைப் பார்த்தாள், என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். "அழுக்கைப் பார்த்தா உங்க கை சும்மாவே இருக்காதா?" என்றாள். பிறகு அப்படியே டயரின் மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கு முதலில் பயமாக இருந்தது, பிறகு நானும் சிரித்தேன். அடுப்பில் இருந்தது தீய்ந்துபோனது. அந்த வாசனைக்கு யாரும் ரொட்டிக் கடையைச் சொல்லவில்லை.

ஆச்சுவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம். அவர் இரண்டு எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தார். "பெரியவரே, செத்ததைக் குளிப்பாட்டி வெச்சுட்டு, உயிரோட இருக்கறதை அழுக்கா விட்டீங்கன்னா, எது யாருன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று கேட்டார். நியாயம்தானே. "கையால ஒரு சுத்து சுத்திப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும் மாப்ள" என்று அவர் மச்சான் சொன்னார். "நீ வாயை மூடு" என்றார் ஆச்சு. இன்னொரு முறை எல்லாவற்றையும் கழற்றி மாட்ட ஒப்புக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனை: வேலை முடிகிற வரைக்கும் நான் எதையும் தொடக்கூடாது. ஷெட் வாசலில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்து, கை சும்மா இருக்க வேண்டாம் என்று அம்மா செய்தித்தாளைக் கொடுத்தாள். நான் சத்தமாகப் படித்தேன். முதலில் அவர்கள் கவனிக்கவில்லை. எங்கோ ஒரு பசு கிணற்றில் விழுந்து மூன்று நாள் கழித்து உயிரோடு வந்த செய்தியைக் கூட்டிக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தபோது சாப்பாட்டு நேரம் வந்தது. "பசு என்ன ஆச்சுன்னு சொல்லிட்டு அப்புறம் சாப்பிடுங்க பெரியவரே" என்று எஞ்சினுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. என் வாழ்க்கையில் நான் படித்ததை ஒருவர் உட்கார்ந்து, இல்லை, படுத்துக்கொண்டு, கேட்டது அதுதான் முதல் தடவை.

எல்லாம் மாட்டி, தண்ணீர் ஊற்றி, ஆயில் ஊற்றி, கிளம்புகிற நேரத்தில் சூடு காட்டுகிற முள் மட்டும் அசையவில்லை. "அது அசையாம இருக்கறதுதானேம்மா நமக்கு வேணும்" என்றார் ஆச்சு. அதை அசைய வைக்காமல் காசு கிடையாது என்றாள் அம்மா. ஒரு வயரைச் சொருக மறந்திருந்தார். சொருகினார். அம்மா சாவியைத் திருப்பினாள். 'டக்' வரும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். 'டக்' வரவில்லை. எஞ்சின் எழுந்து உட்கார்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மனசோடு ஓட ஆரம்பித்தது. மேனேஜர் சார் கைதட்டினார். உண்மையாகவே தட்டினார், நான் பார்த்தேன். ஆச்சு மச்சானின் முதுகில் ஓர் அறை வைத்தார். அம்மா ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே என்னை வகுப்புக்குக் கூட்டிப்போனாள். அதே மேடு. நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். அது நடுவில் வந்து நின்றது, அதற்குமேல் போகவில்லை. பாதி மேடு ஏறியதும் அம்மா, "என்னங்க, ஊமையாட்டம் வரீங்க? படிங்க, பரவாயில்ல" என்றாள். நான் படித்தேன். ஒரு பலகையும் விடவில்லை.

இப்போது மெஷினில் பெல்ட்டை மாட்டிவிட்டாள். இதை எழுதும்போது அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது. கத்திரிக்கோல் வெளியே வந்துவிட்டது, என் புத்தகமும் வந்துவிட்டது. நீ எங்களுக்காக ஒழித்துவைத்த அறையில் பேத்தியை விளையாட விடு. எங்கள் மேல் கோபம் வேண்டாம். உன் வீடு பிடிக்காமல் இல்லை, உன்னைப் பிடிக்காமலும் இல்லை. முடியாத காலம் வந்தால் நாங்களே கேட்போம், அப்போது நீ லாரி கொண்டு வா, இரண்டு லாரி கொண்டு வா. இப்போது வண்டி ஓடுகிறது. நீ போகிற இடமெல்லாம் நல்லதாக அமையட்டும், மருமகளுக்கு வேலைப் பளு குறையட்டும், பேத்திக்குச் சளி விடட்டும்.

இப்படிக்கு, நிம்மதியாக,
உன் அப்பா

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து ஒரு நாள் ஆகிவிட்டது. இன்று காலை கடிதத்தைத் தபாலில் சேர்க்கலாம் என்று, நல்ல துணி உடுத்திக்கொண்டு இரண்டு பேரும் வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். எஞ்சின் ஒரு திருப்பில் பிடித்துக்கொண்டது. அம்மா ஷெட்டிலிருந்து பின்னால் எடுத்தாள். எடுத்த வண்டி கேட்டருகில் நின்றுவிட்டது. எஞ்சின் மேல் குற்றம் இல்லை. நடந்தது இதுதான். எஞ்சின் இல்லாத அந்தக் கசங்கிய வண்டி தன் சுவரோரம் நிற்கிறதென்று மேனேஜர் சார் நேற்று சாயங்காலம் வருத்தப்பட்டார். பேட்டரி கொடுத்தவர், கைதட்டியவர், அவர் மனம் நோகக்கூடாது என்று தெருவில் எல்லோரும் சேர்ந்து அதை நம் கேட்டுக்குள் தள்ளினோம். பாதி உள்ளே வந்ததும் பின்சக்கரம் கழன்று விழுந்துவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் கலைந்தோம். ஓடுகிற வண்டி உள்ளே இருக்கிறது, ஓடாத வண்டி வாசலில் இருக்கிறது என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான். ஆச்சு மச்சானோடு வெளியூர் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று கேட்டால் வீட்டில், "ஆச்சு, வந்துடுவார்" என்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் நல்ல துணியோடு வண்டிக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினோம்.

ஆகவே லாரி கொண்டு வா. லாரி வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், ஆனால் அந்த வரி ரொம்ப நேராக வந்திருக்கிறது, கை வரவில்லை. கனமான கயிறும் வேண்டும், பலமான ஆட்கள் இரண்டு பேரும் வேண்டும், மருமகளும் பேத்தியும் கட்டாயம் வேண்டும். சாமான் எதையும் ஏற்ற வேண்டாம், அந்தக் கசங்கியதை மட்டும் ஏற்றினால் போதும். ஃபோனில் சொல்லிவிடட்டுமா என்று அம்மா கேட்கிறாள். தேவையே இல்லை. மேனேஜர் சார் தபாலில் போடுகிறேன் என்று வாசலில் காத்துக்கொண்டிருக்கிறார். இது நேரத்துக்கு வந்து சேர்ந்தால் லாரியோடு வருவாய். வந்து சேராவிட்டால், நீ முன்பே சொன்னபடி, நீயாகவே லாரியோடு வருவாய். எப்படிப் பார்த்தாலும் எங்களுக்குக் கவலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்கலாம் என்று அம்மாவுக்கு இப்போதே சந்தோஷம், காலையிலிருந்து ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தைக்கிறாள். நீ வந்துவிட்டுப் போன பிறகு, வந்ததைப் பற்றி விவரமாக அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன். நீயே நேரில் இருந்தாய் என்றாலும், நீ கவனிக்காதது ஏதாவது இருக்கும்.